கொழும்பு வழிக்கு ஒரு புகழுரை

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக எத்தனையோ வழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் எங்களைக் கைவிட்டது. தனுஷ்கோடித் தண்டவாளம் கைவிட்டது. தலைமன்னார்க் கப்பல் கைவிட்டது. நேரே பறந்துபோய் யாழ்ப்பாணத்து விமானத்தளமான பலாலியில் இறங்கிய விமானம் சுமார் நாற்பது ஆண்டுகள் கைவிட்டது. கைவிடாமல் நின்றது கொழும்பு வழி ஒன்றுதான். அதைப் புகழ்ந்து ஒருவரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதியே தீரவேண்டிய கடன் எங்கள் தலைமுறைக்கு இருக்கிறது. கேலியாகச் சொல்லவில்லை. அந்த வழி எங்களுக்குச் செய்தவை எல்லாம் உண்மையிலேயே செய்யப்பட்டவை.

முதலில் அதன் தாராளம். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு வானில் 356 கிலோமீட்டர். கொழும்பு வழி அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 647 கிலோமீட்டர் பறக்க வைக்கும். அதன்பின் இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி, நிலத்தின் மேலாக வடக்கு நோக்கி 400 கிலோமீட்டருக்குக் கிட்டப் போகச் சொல்லும். ஆக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேட்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொடுக்கிற வழி உலகத்தில் அதிகம் இல்லை.

அதைவிடப் பெரிய கொடை ஒன்று உண்டு. வரைபடத்தை விரித்து மீனம்பாக்கத்தையும் கட்டுநாயக்கவையும் ஓர் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு யாழ்ப்பாண நகரத்தின் மேலாகவே போகும். பத்துக் கிலோமீட்டர்கூட விலகாது. காற்றுக்கும் கட்டுப்பாட்டு அறையின் சொல்லுக்கும் ஏற்ப விமானி சற்றே கிழக்கிலோ மேற்கிலோ போகலாம். ஆனாலும் வானம் தெளிந்த நாளில், சாளரத்தோரம் இருப்பவருக்குக் குடாநாடு கீழே தெரியும். கடல்நீரேரியின் வெள்ளித் தகடு, தீவுகள், செம்மண் தோட்டங்களின் சதுரங்கள், பனங்கூடல்களின் கரும்பச்சை. மேலே முப்பதாயிரம் அடியில் ஒரு பெண் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு தன் ஊர் எந்த மூலை என்று தேடுகிறாள். விமானம் நிற்காது. வேறெந்த ஊர்க்காரருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் வீட்டை முதலில் மேலிருந்து கடந்து, மறுநாள் கீழிருந்து வந்து சேரும் பேறு வாய்க்காது. இந்த வழி ஊரை இரண்டு தரம் காட்டும்.

விமானத் தூரத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் பூமியின் வளைவின்மேல் இரண்டு நகரங்களுக்கு நடுவே மிகக் குறுகிய கோட்டை இழுக்கிறார்கள். ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைக் கூட்டுகிறார்கள். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படிப் போட்டால் 57 நிமிடம் வரும். கணக்கில் பிழை இல்லை. இன்றைக்குப் போட்டாலும் 57. 1985-க்குப் போட்டாலும் 57. பலாலியில் குண்டு விழுந்துகொண்டிருந்த 1990-க்கும், யாழ்ப்பாணத்தார் ஒரே இரவில் நகரத்தைவிட்டு நடந்து வெளியேறிய 1995-க்கும் அதே 57. அந்த எண்ணுக்குத் தூரம் தெரியும். இடையில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. கொழும்பு வழிக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நிற்பவர்களைக் கணக்கெடுத்து, அதற்கேற்பத் தன் நேரத்தைத் திருத்திக்கொண்ட வழி அது.

பழைய நேர்வழிகள் அந்த அளவுக்குக் கற்பிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1914-இல் திறந்த வழியில், எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் ஒரு கப்பல் பயணம். தலைமன்னாரில் மறுபடி ரயில். மதவாச்சிச் சந்தியில் மாறினால் வடக்கே யாழ்ப்பாணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. எண்பதுகளில் அதுவும் நின்றது. வானத்திலும் வழி இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது அதன் டகோட்டா இரத்மலானையில் எழுந்து பலாலியில் இறங்கி மதராஸ் சேர்ந்தது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தனக்கென்று ஒரு கொடி ஏற்றுவதற்கு முன்பே அந்த நாடு யாழ்ப்பாணத்தையும் மதராஸையும் வானத்தில் இணைத்துவிட்டது. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்ததும் அதைப் பயணிகளுக்குக் கொடுக்க அன்றைக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதுமாயிருந்தது.

டகோட்டாவின் வேகத்துக்கு 356 கிலோமீட்டர் ஒன்றேகால் மணிப் பயணம். காலைச் சாப்பாட்டை ஒரு கரையிலும் மதியச் சாப்பாட்டை மறு கரையிலும் உண்ணலாம். தஞ்சாவூர் நாகசுர வித்துவான்கள் கோயில் திருவிழாக்களுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பலாலிக்குப் பக்கத்து அளவெட்டியின் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் தமிழ்நாட்டு மேடைகளில் கொண்டாடப்பட்டது. படிக்கப் போனார்கள், பெண் எடுத்தார்கள், சேலை எடுத்தார்கள், தலயாத்திரை போனார்கள். ஆனால் எத்தனை அருமையான ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பக்கத்து ஊருக்குப் போய்வருவது ஒரு பேறு என்று அவர்கள் நினைத்ததில்லை. அந்த அறிவை எங்களுக்குக் கொடுத்தது கொழும்பு வழி.

அது கற்பித்த பாடங்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். நிலவியல் பாடம் முதலாவது. கட்டுநாயக்கவில் இறங்கி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஏறி, ஏ9 வீதியில் ஓமந்தை, மாங்குளம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, முகமாலை, கொடிகாமம், சாவகச்சேரி. ஊருக்குப் போக நினைத்த ஒருவருக்கு ஒரு தீவின் முக்கால் பங்கையும் காட்டிவிடுகிற வழி. சிங்களத்தில் நாலு சொல் பேசப் பழக்கிய வழி. ‘கொஹெத யன்னே’ (எங்கே போகிறாய்) என்று சீருடைக்காரன் கேட்டால் தலை குனியாமல், குரல் உயராமல், கடவுச்சீட்டை எந்தக் கையால் நீட்டவேண்டும் என்பதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

இரண்டாவது, பொறுமை. 1990-இல் ஏ9 மூடப்பட்டது. யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. அப்போதும் கொழும்பு வழி தன்னை மூடிக்கொள்ளவில்லை, நீட்டிக்கொண்டது. வவுனியா தாண்டியதும் காட்டுப்பாதை, பிறகு இரவில் கிளாலிக் கடல்நீரேரியில் படகு. கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கிகளுக்கு நடுவே விளக்கு இல்லாமல் போன அந்தப் படகுகளில் இருந்தவர்களில் பலர் ஊர் வந்து சேரவில்லை. அரசாங்கத்தின் பக்கம் ஒரு அனுமதி. புலிகளின் பக்கம் ஒரு பாஸ். ஊரைவிட்டு வெளியேறப் பிணை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 1995-க்குப் பிறகு திருகோணமலைக் கப்பல் வந்தது. பெயர் பதிந்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தார்கள். 2002-இல் ஏ9 திறந்தது; 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது; 2009-இல் மறுபடி திறந்தது. போர் முடிந்தபின்னும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கு, அவர் சாவகச்சேரியில் பிறந்தவராகவே இருந்தாலும், ஓமந்தையைத் தாண்டப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி சில ஆண்டுகளுக்கு வேண்டியிருந்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வந்தவரைக் கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் ஒருதரம் நிறுத்தி, உண்மையிலேயே போக விரும்புகிறீரா என்று கேட்ட வழி. இத்தனை கேள்விக்குப் பிறகும் போனவர்கள்தான் ஊரை உண்மையாக நேசித்தவர்கள் என்று நான் நம்புகிறேன். நேர்வழி யாரையும் அப்படிச் சோதித்ததில்லை.

நேர்வழியைப் பற்றி ஓர் உண்மையை இங்கே சொல்லாவிட்டால் என் புகழுரை முழுமை பெறாது. அந்த நாற்பது ஆண்டுகளில் நேர்வழி மூடிக்கிடந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது சரியில்லை. இரண்டு வகையினருக்கு அது திறந்தே இருந்தது.

ஒரு வகையினர் ஆயுதம் வைத்திருந்தவர்கள். 1987 ஜூன் 4 அன்று பெங்களூரிலிருந்து எழுந்த இந்திய விமானப்படையின் ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர்விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. விசாவோ அனுமதியோ கேட்கவில்லை. அடுத்த மாத முடிவில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் இந்திய அமைதிப்படை பலாலியில் வந்து இறங்கத் தொடங்கியது. அந்தப் படை அங்கிருந்து வெளியேறும்வரை அந்த ஓடுதளத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே பறப்பு ஓயவில்லை. ஓடுதளம் சிறியது, வசதி போதாது, பயணிகள் விமானத்துக்கு ஏற்றதில்லை என்று பிற்காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் அன்றைக்கு ஒரு படையை ஏற்றி இறக்கத் தடையாக இருக்கவில்லை.

மற்றொரு வகையினர் ஒன்றுமே இல்லாதவர்கள். 1983-இலிருந்து தலைமன்னார்க் கரையிலும் பேசாலையிலும் வல்வெட்டித்துறையிலும் படகேறி, ராமேஸ்வரம் கரையில், அரிச்சல்முனை மணல்திட்டில், கோடியக்கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். கடவுச்சீட்டு இல்லை, பயணச்சீட்டு இல்லை, சில வேளை இடுப்புத்துணிக்கு மாற்றுத்துணி இல்லை. அவர்கள் வந்தது நேர்வழி. மிகக் குறுகிய கோடு. பிறகு அமைதி வந்து, ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பிப்போக விரும்பியவர்களுக்குத் தாள் கிடைத்தது, பயணச்சீட்டு கிடைத்தது, விமானம் கிடைத்தது. விமானம் போனது கொழும்புக்கு. முப்பது, நாற்பது கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்தவர்கள் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றித் திரும்பினார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவருக்குக் குறுக்குவழியும், குடிமகனாகத் திரும்பியவருக்குச் சுற்றுவழியும் என்று இரண்டு அரசுகளும் வகுத்திருந்தன. கொழும்பு வழியில் போவதே ஒரு கௌரவம், தாள்கள் சரியாக உள்ள மனிதர் என்பதற்கான சான்று.

சாவு விஷயத்தில் அது காட்டிய கருணையையும் நான் மறக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டைத் தள்ளிப்போடும் வழக்கம் குறைவு. வளசரவாக்கத்தில் இருக்கிற மகளுக்கு விடியப்புறம் செய்தி வரும். நேரே பறக்க முடியுமென்றால் மத்தியானத்துக்கு முன் தாயின் காலடியில் இருப்பாள். கொழும்பு வழியில் விமானச்சீட்டு எடுத்து, கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு பஸ்ஸைப் பிடித்து, வழியில் நிறுத்திய இடமெல்லாம் இறங்கி ஏறி வர மறுநாள் பொழுதாகிவிடும். “தங்கச்சி, வைச்சிருக்க ஏலாது எண்டு பெரியாக்கள் சொல்லுகினம். நீ ஆறுதலா வா” என்று தமையன் தொலைபேசியில் சொல்லும்போது அவன் குரலில் இருப்பது கண்டிப்பு அல்ல, தங்கை ஆனையிறவில் பஸ்ஸுக்குள் இருந்து அழாமல் இருக்கவேண்டுமே என்ற கவலை. முகம் பார்க்கக் கிடைக்காதவர்கள் எட்டுச் செலவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கும் முடியாதவர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, கீரிமலைக்கு வந்தார்கள். பலாலிக்குப் போகும் விமானம் கீரிமலைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருக்கும். ஆனால் தாயின் முகத்தைப் பார்க்காமல், அவள் நகையையும் சேலைகளையும் மட்டும் பார்த்து அழப் பழக்கிய வழி கொழும்பு வழிதான். அந்தப் பழக்கம் எங்கள் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்றும் இருக்கிறது.

போர் 2009 மேயில் முடிந்தது. அதன்பின் கொழும்பு வழி தன் உச்சத்தை எட்டியது. ஏ9 புதிதாகப் போடப்பட்டது, அழகான வீதி. 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. மறு ஜனவரியில் காங்கேசன்துறைவரை போனது. 2010 நவம்பரிலேயே யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டிருந்தது. தூதரகம் இருந்தது, கொடி பறந்தது, பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் ஓடுதளம் இருந்தது, 356 கிலோமீட்டரில் சென்னை இருந்தது. விமானம் மட்டும் பத்து ஆண்டு வரவில்லை. இந்தப் பத்து ஆண்டுக்குக் குண்டும் காரணம் இல்லை, புயலும் காரணம் இல்லை. எந்த நெருக்கடியும் இல்லாத காலத்திலும் ஒரு சுற்றுவழியைச் சேதமில்லாமல் காப்பாற்றிக் கொடுக்க இரு தலைநகரங்களாலும் முடிந்தது. அதற்கு எத்தனை கோப்புகள், எத்தனை கூட்டங்கள், எத்தனை அதிகாரிகளின் உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நேர்வழியைத் திறக்க எடுத்த நேரம் அதைவிட மிகக் குறைவு. 2019-இல் வேலையைத் தொடங்கினார்கள், அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்துவிட்டார்கள். சில மாதங்கள்தான். அடுத்த மாதம் 16-ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல். மனம் வைத்தால் எவ்வளவு விரைவாகச் செய்ய முடிகிறது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின. மனம் வைக்காத பத்து ஆண்டுகளுக்கும் அவையே அளவுகோல். நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

நாலு மாதம். பிறகு 2020 மார்ச்சில் பெருந்தொற்று; எல்லா ஊர் விமானமும் நின்றது, இதுவும் நின்றது. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது. பலாலி திறந்தது 2022 டிசம்பர் 12 அன்று. தொற்று ஒரே தொற்று, நாடு ஒரே நாடு. நடுவே கழிந்த இருபத்திரண்டு மாதங்களும் கொழும்பு வழிக்கே கிடைத்தன. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் விமானம். திருச்சிக்கும் பலாலிக்கும் வானில் சுமார் 184 கிலோமீட்டர்தான். திருச்சிக்காரருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பைவிடத் திருச்சி கிட்ட. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது, எங்கள் அப்பாக்கள் காலத்தில் இதைச் சொல்லவே அஞ்சவேண்டியிருந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. ஒரு தூரத்தைச் சொன்னால் அதை அரசியலாகக் கேட்ட காலம் அது.

கடலிலும் அப்படித்தான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் சுமார் 110 கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் விட்டார்கள். சில நாளில் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி விட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் கொந்தளிக்கும், அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அதே மழைக்காலத்தில் கொழும்பு வழி நனைந்துகொண்டே ஓடும்.

இப்போது பறப்பது ஏடிஆர் 72. எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர் ஏறும் இரட்டை விசிறி விமானம். நல்ல விமானம், குட்டையான ஓடுதளத்தில் இறங்கி ஏறும். பெரிய ஜெட்டுகளுக்குப் பலாலியில் செப்பனிட்ட நீளம் போதாது. குட்டையான ஓடுதளத்திலிருந்து எழ வேண்டிய விமானம் எடையை எண்ணித்தான் ஏற்றவேண்டும். வெயில் ஏறிக் காற்று மெலிந்தால் இன்னும் குறைக்கவேண்டும். இயற்பியல் அது, அதோடு சண்டை போட முடியாது. ஆனால் எங்கள் ஊர்ப் பயணம் எடையோடு பிறந்தது. சென்னைக்கு வரும்போது கறித்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல்மா, எள்ளுருண்டை. ஊருக்குத் திரும்பும்போது கலியாணச் சேலை, பூசைச் சாமான், யாரோ சொல்லிவிட்ட மருந்து. பெட்டியைத் திறந்து எதை விடுவது என்று ஆச்சி தடுமாறும்போது, பெரிய ஜெட் விமானம் போகும் கொழும்பு வழி அவளுக்கு உதவிக்கு வருகிறது. அங்கே பனங்கட்டிக்கு இடம் உண்டு. நேர்வழி அவளை ஏற்றும், அவள் கொண்டுபோக விரும்பியதை ஏற்றாது.

ஓடுதளத்தை நீட்டினால் தீரும் என்கிறார்கள். அங்கேதான் நான் யாரையும் புகழ முடியாமல் நிற்கிறேன்.

பலாலி ஓடுதளத்தைச் சுற்றியுள்ள நிலம் தரிசு அல்ல. பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, காங்கேசன்துறை. குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண், வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள், இலங்கைக்கே மீன் கொடுத்த ஒரு துறைமுகம். 1990 ஜூனில் அந்த ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. வேலி போடப்பட்டது. அவர்கள் அதிக தூரம் போகவில்லை. பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் அடுத்தடுத்த ஊர்களிலும் முகாம்களில் தங்கினார்கள், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடங்களில். போய்வர ஒரு சைக்கிள் போதும். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். சில கிலோமீட்டர்ப் பயணத்துக்கு இருபத்தேழு ஆண்டுகள். முகாமில் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் கட்டி, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தகப்பன் சொன்ன கிணற்றைத் தேடிப்போன காலம் அது. கிணறு இருந்த இடம் தெரிந்தவர்களும் உண்டு. வீட்டின் அத்திவாரம்கூட மிஞ்சாதவர்களும் உண்டு. வேலி இன்னும் முழுக்க எடுபடவில்லை. உறுதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொழும்பு வழியை நான் மனமாரப் புகழ்வதற்கு இவர்களே காரணம். எங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றியாவது போக ஒரு வழி இருந்தது. ஒரு நாள் தாமதமாகவாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினோம். இவர்களுக்குச் சுற்றிப் போகவும் வழி இருக்கவில்லை. எந்த விமானத்தில் ஏறினாலும், எந்தப் பஸ்ஸில் இருந்து வந்தாலும், கடைசிச் சில கிலோமீட்டரில் ஒரு முள்வேலி நின்றது. அந்த வேலிக்குள் இருந்த ஓடுதளத்தில்தான் நாங்கள் இப்போது சென்னையிலிருந்து ஒன்றேகால் மணியில் வந்து இறங்குகிறோம். நேரம் மிச்சமானது என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஜெட் இறங்கவேண்டும், பனங்கட்டிக்கு இடம் வேண்டும், ஓடுதளத்தை நீட்டுங்கள் என்று நாங்கள் கேட்கும்போது, மல்லாகத்தில் ஒரு மனிதர் தன் உறுதிப்பத்திரத்தை எடுத்து விரித்து, எந்தப் பக்கமாக நீட்டப்போகிறார்கள் என்றுதான் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். விமான நேரத்தை நிமிடக் கணக்கில் அறிவிக்கத் தெரிந்தவர்கள்.